ஒப்புக்கொண்டவர்கள் இருவர்

இந்தக் கதையில் கெட்டவர் யாரும் இல்லை. வில்லனைத் தேடுபவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடலாம். கெட்டது ஒரு மருந்து. அதைக் கெடுத்தது யார் என்பதைத்தான் நீங்கள் சொல்ல வேண்டும்.

மாதேசன் மலையடிவாரத்து சுகாதார நிலையத்தின் ஜீப் ஓட்டுநர். மலைமேல் நடக்கும் தடுப்பூசி முகாமுக்கு மருந்துப் பெட்டியைக் கொண்டுபோவது அவர் பொறுப்பு. அன்று காலை செவிலியர் எஸ்தர் விறைப்பாக இருந்தார். போன முகாமில் பெட்டிக்குள் ஐஸ் உருகிக் கிடந்தது என்று டாக்டரம்மா எல்லோர் முன்னாலும் கடிந்துகொண்டிருந்தார். அந்தக் கோபத்தில், ஃப்ரீஸரிலிருந்து ஐஸ் பேக்குகளை எடுத்த கையோடு மருந்துக் குப்பிகளைச் சுற்றி இறுக்கி அடுக்கினார். பேக்குகள் செங்கல்போல ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன.

"இன்னைக்கு யாரு குறை சொல்றாங்கன்னு பாக்கறேன்ணே" என்று பெட்டியைக் கொடுத்துவிட்டு, தாய்மார்களைக் கூட்டிவைக்க முதல் பஸ்ஸிலேயே மேலே போய்விட்டார்.

வழியில் தங்கை வீடு. வாசலில் நின்றவள் விடவில்லை; ஒரு வாய் சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்றாள். மாதேசனுக்கும் பசி. ஜீப்பை வெயிலிலேயே விட்டுவிட்டு உள்ளே போனார். திரும்பி வந்து கை வைத்தபோது இருக்கை சுட்டது. அதன்மேல்தான் பெட்டி இருந்தது. மருந்து கெட்டிருக்குமோ என்று பயந்தார். ஆனாலும் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை.

முகாமில் பெட்டியைத் திறந்தபோது ஐஸ் பேக்குகள் இன்னும் கல்லாய் உறைந்து கடகடத்தன. மாதேசனுக்கு மூச்சு வந்தது. ஒரு குப்பி ஐஸோடு ஒட்டிக்கொண்டிருந்தது. எஸ்தர் அதைப் பிய்த்தெடுத்து, உள்ளங்கையில் உருட்டி, சில்லிப்பு குறைந்ததும் ஊசி போட ஆரம்பித்தார். முதல் ஊசி சிக்கம்மாவின் கைக்குழந்தைக்கு.

"விடிஞ்சா கரும்பு வெட்டக் கெளம்பறோம், நர்சம்மா. போன வருசம் அங்கதான் எங்க அண்ணன் புள்ள கக்குவான் இருமல்ல போயிடுச்சு. இனி எம்புள்ளயப் பத்திப் பயமில்ல" என்று எஸ்தரைக் கையெடுத்துக் கும்பிட்டாள் சிக்கம்மா. மாதேசன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

மாலையில் நிலையத்தில், முகாமிலிருந்து திரும்பிய பெட்டியைச் சரிபார்த்த டாக்டரம்மா, மீந்து வந்த குப்பி ஒன்றையும், முந்தின நாளிலிருந்து ஃபிரிட்ஜிலேயே இருந்த அதே மருந்துக் குப்பி ஒன்றையும் சேர்த்துக் குலுக்கி மேசையில் வைத்தார். ஃபிரிட்ஜ் குப்பி பால்போல் கலங்கலாகவே நின்றது. முகாமுக்குப் போய்வந்ததிலோ வெள்ளைத் துகள்கள் விறுவிறுவென்று அடியில் படிந்து, மேலே தெளிநீர் நின்றது.

"இது கெட்டுப்போச்சு. போட்ட குழந்தைகளுக்கு இதை நம்ப முடியாது" என்றார்.

மருந்தாளுநர் தணிகைவேலுக்கு முகம் வெளிறியது. "என் தப்புதான் மேடம். விடியக்காலைல கரண்ட் போச்சு. ஜெனரேட்டர் போடச் சோம்பல்பட்டுட்டேன்."

மாதேசனால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. "இல்ல மேடம், நான்தான். பெட்டிய வெயில்ல வெச்சுட்டுச் சாப்பிடப் போனேன். அந்தப் புள்ளைக்கு ஏதாவது ஆனா எனக்குச் சோறு எறங்காது."

எஸ்தருக்குக் கண் கலங்கியது. "நான் அவ்வளவு ஐஸ் வெச்சும் இப்படி ஆயிடுச்சே" என்றார்.

மூவரும் தலைகுனிந்து நிற்கிறார்கள். இவர்களில் மருந்தைக் கெடுத்தது யார்?

விடை: எஸ்தர். கரண்ட் போனதுதான் காரணம் என்றால் ஃபிரிட்ஜிலேயே இருந்த குப்பியும் கெட்டிருக்கும். வெயில் காரணம் என்றால் ஐஸ் உருகியிருக்கும்; அது கடகடத்ததை நீங்களும் கேட்டீர்கள். இந்த வகைத் தடுப்பூசியில் மருந்து நுண்ணிய துகள்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உறைந்தால் அந்தத் துகள்கள் ஒன்றோடொன்று திரண்டு, கனத்து, சீக்கிரமே அடியில் படிந்துவிடும். பிறகு உருகினாலும் பிரியாது; வீரியமும் திரும்பாது. அதனால்தான் ஐஸ் பேக்கை வெளியே வைத்து, குலுக்கினால் உள்ளே தண்ணீர் ஆடும் வரை காத்திருந்து பெட்டியில் வைக்க வேண்டும். குளிர் கூடக்கூட மருந்துக்கு நல்லது என்று எஸ்தர் நம்பிவிட்டார்.

டாக்டரம்மா இதை விளக்கி முடித்ததும், புது மருந்தோடு ஜீப்பில் முதலில் ஏறியவர் எஸ்தர்தான். மாதேசனிடம் தப்பில்லை என்று ஆகிவிட்டது. ஆனாலும் வழியில் தங்கை வீட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஜீப்பை ஓட்டினார். மேலே சிக்கம்மா மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். "நான் போட்ட ஊசி பலிக்காதும்மா. தப்பு என்னுது. மறுபடியும் போடணும்" என்றார் எஸ்தர். சிக்கம்மா மூட்டையை விட்டுவிட்டுக் குழந்தையைத் தூக்கினாள். அதை எஸ்தரிடம் நீட்டியபடி, "மத்தியானம் உன்னக் கையெடுத்துக் கும்பிட்டேனே, நர்சம்மா" என்றாள்.