வராத அக்கா

"என் உடம்புக்கு ஏத்த சூட்னு ஒண்ணு உலகத்துல இருக்கா, இல்லையா? அதை மட்டும் சொல்லிருங்க, மாஸ்டர்."

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு சண்முகவடிவு இப்படிக் கேட்டாள்.

தூத்துக்குடிக்குத் தெற்கே, சிலிண்டர் கட்டிக்கொண்டு கடலுக்குள் முங்கக் கற்றுத்தரும் ஒரு சின்னப் பள்ளி அது. கேட்டவளுக்கு ஐம்பத்தேழு வயது. கல்லூரியில் விலங்கியல் பேராசிரியை. பதில் சொல்ல வேண்டியவளுக்கு முப்பத்திரண்டு, பெயர் ஜெசிந்தா. அங்கே குருவை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள், ஆணானாலும் பெண்ணானாலும்.

மாஸ்டர் ரப்பர் சூட்டுகளை அலசிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"சாப்பிட்டீங்களாக்கா?"

"இல்ல. நேத்து மத்தியானத்துக்கு அப்புறம் பச்சத்தண்ணிதான். சூட் போடணும்லா."

மாஸ்டர் தலையாட்டினாள். அது சரி என்ற ஆட்டலா, தப்பு என்ற ஆட்டலா என்று சண்முகவடிவுக்கு விளங்கவில்லை. மூன்று வாரமாகவே அவளுக்கு இங்கே எதுவும் விளங்கவில்லை.

அவள் கேட்டது பெரிய வரமொன்றும் இல்லை. முப்பது வருடமாகப் பவளத்தைப் பற்றிப் பாடம் நடத்துகிறாள். அவள் பார்த்த பவளமெல்லாம் ஆய்வுக்கூடத்துப் புட்டியில் இருந்தவை, மருந்தில் ஊறி வெளுத்தவை. உயிருள்ள ஒன்றைக் கண்ணால் கண்டதில்லை. வரும் திங்கட்கிழமை கடைசி வகுப்பு, அதோடு ஓய்வு. அதற்குள் ஒரே ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். பார்க்காமலே பாடம் நடத்தி முடித்தவள் என்று வீட்டுக்குப் போக அவளுக்கு வெட்கமாக இருந்தது.

டாக்டர் சரி என்று எழுதிக் கொடுத்துவிட்டார். சுடிதாரோடு தொட்டியில் இறங்கிப் பயிற்சியும் முடித்தாயிற்று. ஆனால் கடலில் சொறிமீன் உண்டு, கீறும் பாறை உண்டு. பொருந்திய சூட் இல்லாமல் மாஸ்டர் யாரையும் இறக்க மாட்டாள்.

சண்முகவடிவின் உயரம் நாலடி பத்தங்குலம். எடையை அவள் யாருக்கும் சொன்னதில்லை, நாமும் கேட்க வேண்டாம்.

படகு நாளைக்கு. ஞாயிற்றுக்கிழமை காற்று மாறும் என்று பேச்சு. மாறிவிட்டால் கடல் கலங்கிப்போகும், நீட்டின கை தெரியாது.

மூன்று வாரத்துக்கு முன்னால் மாஸ்டர் அவளை அளந்தாள்.

டேப் இடுப்பைத் தொட்டதும் சண்முகவடிவு விறைப்பாக நிமிர்ந்தாள். பதினாலு வயதில், டெய்லர் கடையில், "நேரா நில்லுட்டி" என்று அம்மா அதட்டியபோது நின்ற அதே நிற்பு.

மாஸ்டர் நோட்டில் தொண்ணூற்று நாலு சென்டிமீட்டர் என்று எழுதினாள். எழுதியதையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இது யாரோட அளவுக்கா?"

"என்னோடதுதான். இப்பதான எடுத்தீங்க?"

"அந்த அக்கா இன்னும் வரலியே."

சண்முகவடிவு திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை.

"இதை வச்சுத் தைக்கக் கொடுக்காதீங்க," என்றாள் மாஸ்டர்.

பேராசிரியை கேட்கவில்லை. அளவு என்றால் அளவுதானே? சென்னைக்கு எழுதிப் போட்டுத் தைக்கச் சொன்னாள். சூட் நேற்று வந்தது. கையும் காலும் கச்சிதம். ஜிப் கூட ஏறியது. தண்ணீருக்குள் மூச்சைப் பிடிக்காதே என்பது அங்கே முதல் பாடம். தொட்டியில் இறங்கி, பாடப்படி மூச்சை இழுத்து இழுத்து விட்டாள். இரண்டாவது நிமிஷம் நெஞ்சை யாரோ கயிறு போட்டு இறுக்கியதுபோல் இருந்தது. அலறியடித்து மேலே வந்தாள்.

அதனால்தான் இன்று காலை அந்தக் கேள்வி.

மாஸ்டர் கொடியிலிருந்து ஒரு பெரிய சூட்டை எடுத்துக் கொடுத்தாள். ஆம்பிளை சூட். சண்முகவடிவு அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் போய் நிமிர்ந்து நின்றாள். காலில் ஒரு முழம் மிச்சம். கையில் ஒரு சாண் மிச்சம். இடுப்பில் தாராளமாக ஒரு கை நுழைந்தது.

"தொளதொளன்னு இருக்கு, மாஸ்டர். தண்ணி உள்ள வந்துரும்."

"யாருக்குத் தொளதொளன்னு இருக்கு?"

"எனக்குத்தான்."

"அப்படியா?"

சண்முகவடிவு சூட்டைக் கழற்றினாள். அவளுக்கு அழுகை முட்டியது.

"சின்னது மூச்சை முட்டுது. பெருசு தொங்குது. அப்போ நான் ரெண்டுக்கும் நடுவுல எங்கயோ இருக்கணும்லா? எங்க இருக்கேன்?"

"சாப்பிட்டு வாங்க, சொல்லுதேன்."

இது என்ன பதில்? இருந்தாலும் போனாள். பசி வேறு காதை அடைத்தது. பக்கத்துக் கடையில் நாலு இட்லியும் ஒரு வடையும் சாப்பிட்டுவிட்டு வந்தாள்.

மாஸ்டர் மறுபடியும் டேப்பைச் சுற்றினாள். சண்முகவடிவு நிமிர்ந்தாள்.

"தொண்ணூத்தி நாலு," என்றாள் மாஸ்டர். "நாலு இட்லி எங்கக்கா போச்சு?"

"என்னைக் கிண்டல் பண்ணுதீங்களா?"

"இல்லக்கா. நிசமாவே தேடுதேன்."

சண்முகவடிவுக்குக் கோபம் வந்தது. நாளைப் படகு போய்விடும், காற்று மாறிவிடும், இவள் இட்லியைத் தேடிக்கொண்டிருக்கிறாள். போய்விடலாம் என்று நினைத்தாள். ஆனால் டேப் இன்னும் இடுப்பைச் சுற்றித்தான் இருந்தது. அதன் இரண்டு முனையையும் லேசாகப் பிடித்தபடி மாஸ்டர் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"அக்கா, எனக்கு ஒரு சந்தேகம். பவளம் கல்லா, பூச்சியா?"

இந்த நேரத்தில் இது என்ன கேள்வி? ஆனாலும் முப்பது வருடப் பழக்கம். யாராவது சந்தேகம் கேட்டுவிட்டால் பேராசிரியையால் சும்மா இருக்க முடியாது.

"கல்லு அது கட்டிக்கிட்ட வீடு. உள்ள இருக்கது உயிரு. இத்தினிக்கூண்டு உடம்பு. அதுக்கு ஒரு வாய். வாயைச் சுத்தி கை கையா நீட்டிக்கிட்டு இருக்கும்."

"தினமும் பாக்குதேன். இது தெரியாதே."

"நீங்க பாக்குதீங்க, எனக்குத் தெரியுது. நல்லாருக்கு நம்ம கதை." சண்முகவடிவு சிரித்துவிட்டாள். "தண்ணி சுத்தமா, பயமில்லாம இருந்தா அப்படியே விரிஞ்சு கிடக்கும். அப்பதான் இரை எடுக்கும்."

"தொட்டா?"

"தொட்டா அவ்வளவுதான். மொத்த உடம்பையும் உள்ள இழுத்துக்கும்."

டேப் மாஸ்டரின் விரல்களுக்கிடையே கொஞ்சம் நகர்ந்தது.

"அப்போ உங்க புட்டியில இருக்கது?"

"அது மருந்து பட்டதும் சுருங்கினது. அப்படியே செத்துப்போச்சு. நாங்க அதைத்தான் ஸ்கேல் வச்சு அளந்து, இதான் இதோட அளவுன்னு புள்ளைங்களுக்கு எழுதிப்போடுவோம். ஆனா அது அதோட அளவே இல்ல, பாருங்க. அது பயந்து உள்ள இழுத்துக்கிட்ட..."

சண்முகவடிவு பேச்சை நிறுத்தினாள்.

குனிந்து டேப்பைப் பார்த்தாள். நூற்று ஐந்து.

சட்டென்று வயிறு தானாக உள்ளே போனது. டேப் தளர்ந்து தொங்கியது.

மாஸ்டர் கையை எடுக்கவில்லை. டேப்பை இழுக்கவும் இல்லை.

சண்முகவடிவு அப்படியே நின்றாள். எத்தனை வருடம் என்று யோசித்தாள். கல்யாண ஜாக்கெட்டுக்கு நின்றது நினைவு வந்தது. பிறகு மெதுவாக, நாற்பத்து மூன்று வருடமாகப் பிடித்து வைத்திருந்ததை விட்டாள். டேப் வந்து இடுப்பில் பொருந்தியது.

மாஸ்டர் எழுந்தாள். கண்ணாடி முன்னால் கிடந்த ஆம்பிளைச் சூட்டை எடுத்து மேசைமேல் விரித்தாள். கத்தரிக்கோலால் காலில் ஒரு முழமும் கையில் ஒரு சாணும் வெட்டி எறிந்தாள்.

அப்புறம் நிமிர்ந்து, அப்போதுதான் வாசலில் யாரையோ கண்டவள்போல் சிரித்தாள்.

"வாங்கக்கா. நாளைக்கு ஆறு மணிக்குப் படகு."