சொந்தத் தொழில்காரி பொன்னாத்தாள்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பொன்னாத்தாள் பதினாறு வருஷமாகத் தையல் வேலை பார்த்தாள். பி.எஃப்.க்கு முதலாளி கட்டும் பங்கு உயர்கிறது என்று புது விதி வந்ததும், முதலாளி வையாபுரி எல்லோரையும் கூப்பிட்டார்.

"இனி நீங்க யாரும் என் ஆளில்லை. சொந்தத் தொழில் பண்றவங்க. நாளைக்கு வர்ற பி.எஃப். அதிகாரிகிட்ட மாத்திச் சொன்னா வேலை கிடையாது."

பொன்னாத்தாள் இரவெல்லாம் கணக்குப் போட்டுப் பார்த்தாள். சொந்தத் தொழில் என்று சொன்னால் பென்ஷன் போச்சு, சொல்லாவிட்டால் வேலை போச்சு.

மறுநாள் அதிகாரி அவள் மிஷின் அருகே வந்து நின்றார். முதலாளி முறைத்தார்.

"நான் சொந்தத் தொழில் பண்றேனுங்க சார்" என்றாள். அதிகாரி எழுதிக்கொண்டார். முதலாளி முகம் மலர்ந்தது.

உடனே அவள் மிஷினை நிறுத்திவிட்டு வாசலைப் பார்த்து நடந்தாள்.

"ஏய், எங்கே போறே?"

"வீட்டுக்குப் போறேனுங்க. இன்னிக்கு இவ்வளவு தைச்சாப் போதும்னு தோணுது."

"என்னைக் கேக்காம எந்திரிப்பியா? அரை நாள் சம்பளத்தைப் பிடிச்சுப்போடுவேன்!" என்று கத்தினார் வையாபுரி.

அதிகாரி எழுதியதை அடித்தார். "சொந்தத் தொழில் பண்ற அம்மாவுக்கு நீங்க எப்படிச் சம்பளம் பிடிப்பீங்க?" என்று கேட்டுவிட்டு, அங்கிருந்த நாற்பத்திரண்டு பேரையும் தொழிலாளிகள் என்றே பதியத் தொடங்கினார்.

பொன்னாத்தாள் திரும்பி வந்து தன் மிஷின் முன் உட்கார்ந்தாள். தன் பெயரை அவர் எழுதுவதைப் பார்த்த பிறகே தையலைத் தொடர்ந்தாள்.