கழுத்துப்பட்டைக்கு வந்த மரியாதை

ரொம்பக் காலத்துக்கு முன்னால் ஸ்பெயின் தேசத்தின் ஒரு மூலையை ஃபத்ரீக்கே என்கிற ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் நிமிஷத்துக்கு ஒரு புத்தி. அங்கே பெரிய மனிதர்கள் எல்லோரும், கஞ்சி போட்டு மடிப்பு மடிப்பாக விறைத்த வெள்ளைப் பட்டை ஒன்றைக் கழுத்தைச் சுற்றிக் கட்டிக்கொள்வார்கள். தட்டில் வைத்த பூசணிக்காய் மாதிரி தலை மட்டும் மேலே தெரியும்.

ராஜாவைப் படம் வரைய வந்த இனெஸுக்கு அந்தப் பட்டையால் பிராணன் போயிற்று. முகத்தை இரண்டே நாளில் முடித்துவிட்டாள். பட்டையிலோ முந்நூறு மடிப்பு. ஒன்று விடாமல் வரைந்து நிமிர்ந்தால், உடுப்பு அறை அதிகாரி லோப்பே இன்னும் பெரிய பட்டையைக் கொண்டுவந்து ராஜாவுக்கு மாட்டிவிடுவான். சுரண்டு, மறுபடி வரை. மூன்று மாதம் இதே கூத்து. அரண்மனை ஓவியர் பதவி தன் மைத்துனனுக்குக் கிடைக்க வேண்டும் என்பது அவன் எண்ணம். ஞாயிற்றுக்கிழமை படம் ராஜாவின் சம்பந்தி ஆளும் நாட்டுக்குப் போக வேண்டும். அதற்குள் முடியாவிட்டால் இனெஸை நாட்டைவிட்டே துரத்துவது என்று ராஜாவையும் சம்மதிக்க வைத்துவிட்டான்.

ராஜா நாள் முழுக்க உட்கார மாட்டார். அதனால் அவருடைய உடுப்பை ஒரு மரப்பொம்மைக்கு மாட்டி வரைவதுதான் வழக்கம். வெள்ளிக்கிழமை காலையில் இனெஸ் அந்தப் பொம்மையைத் தொப்பியும் பட்டையுமாகச் சிம்மாசனத்திலேயே உட்கார வைத்தாள். கொஞ்ச நேரம் படத்துக்குப் பின்னால் நிற்கும்படி ராஜாவைக் கேட்டுக்கொண்டாள். விளையாட்டு என்றதும் அவரும் வெறுங்கழுத்தோடு உற்சாகமாக ஒளிந்துகொண்டார்.

லோப்பே புதுப் பட்டையோடு வந்து குனிந்தான். சரியாக நிமிர்ந்து பார்க்க அவனுடைய பட்டையே அவனை விடவில்லை.

"மகாராஜா, இன்றைக்கு உங்கள் முகத்தில் என்ன களை. இந்தப் பெண்ணுக்கு அதெல்லாம் வரைய வருமா?"

பொம்மை வாய் திறக்கவில்லை. ராஜா ஒப்புக்கொண்டதாக லோப்பே தானே முடிவு செய்து, பட்டையை மாட்டப் போனான்.

ராஜா வெளியே வந்தார். "மரக்கட்டையிலா களையைக் கண்டாய்?"

லோப்பே பட்டையைக் கீழே போட்டுவிட்டு ராஜாவின் காலில் விழுந்தான்.

"அவரைக் கோபித்து என்ன பயன், மகாராஜா?" என்றாள் இனெஸ். "மூன்று மாதமாகப் பட்டையோடுதான் பேசுகிறார். மேலே இருப்பது யார் தலை என்று அவர் பார்த்ததே இல்லை."

ராஜாவுக்கு வெட்கமாகிவிட்டது. கஞ்சித்துணி உரசிப் புண்ணான கழுத்தைத் தடவிக்கொண்டார். இனெஸுக்கே ஆயுசுக்கும் பதவி, பட்டைகளையெல்லாம் லோப்பே தன் கையால் துவைத்துக் குதிரை துடைக்க லாயத்துக்குக் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். "என்னை இப்படியே வரை" என்றார்.

மறுநாளே படம் முடிந்தது. ராஜா பார்த்து முகம் சுளித்தார். "என் கழுத்து இவ்வளவு ஒல்லியா?"

"இவ்வளவுதான், மகாராஜா. இத்தனை நாளும் தலையையும் பட்டையையும் சேர்த்துச் சுமந்தது இதுதான்."