வாசலில் உறுமிய வண்டு

குளத்தின் மேல் சாய்ந்திருந்த இலுப்பை மரத்தில் ஒரு பட்ட கிளை. அதில் கீற்று என்ற அணில் கூடு கட்டியிருந்தது. இலையில்லாத கிளையில் பாம்பு ஒளிந்து வர முடியாது என்பது அதன் கணக்கு. கூட்டுக்குள் கண் திறக்காத மூன்று குட்டிகள். நேர் கீழே, தண்ணீரில், வாயைப் பிளந்தபடி ஒரு விரால் மீன்.

ஒரு காலை, பெரிய கருவண்டு ஒன்று கூட்டு வாசலுக்கு எதிரே அந்தரத்தில் நின்று உறுமியது.

"இது என் எல்லை! வெளியே வந்தால் கொட்டிவிடுவேன்!"

 கீற்று வாலைச் சிலிர்த்துக்கொண்டு வாசலை மறித்தது.

"கிட்டே வந்து பார்! கடித்துத் துப்பிவிடுவேன்!"

வண்டு பாயும். அணில் பல்லைக் காட்டும். வண்டு பின்வாங்கும். மறுபடி பாயும். இரைதேடக்கூடப் போகாமல் கீற்று அங்கேயே நின்றது.

அடிமரத்து ஓணான் தலையை ஆட்டியது. "அணிலக்கா! உன் கிளைக்கு அடியிலேருந்து மரத்தூள் கொட்டுது! என் முதுகைப் பாரேன்!"

"எமன் வாசல்லே நிக்கிறான், உனக்குத் தூள்தான் பெரிசா? உதறிட்டுப் போடா!"

மாலையில் காற்று எழுந்தது. கிளை முனகியது. காலடியில், மரத்துக்குள்ளே, ஏதோ 'கறுக் கறுக்' என்று குடைந்தது.

வண்டு எதிரே நிற்கிறது. அப்படியானால் உள்ளே யார்?

கீற்று கண்ணை மூடிக்கொண்டு வெளியே பாய்ந்தது. வண்டு வந்து மோதியது. கொட்டவில்லை!

கிளையின் அடிப்பக்கம் வட்டமாக ஒரு துளை. தூள் படிந்த முகத்தோடு பெண் வண்டு எட்டிப் பார்த்தது.

"பயப்படாதே. அவருக்குக் கொடுக்கே கிடையாது. எனக்குத்தான் உண்டு. நானும் யாராவது பிடிச்சாத்தான் கொட்டுவேன்."

"பின்னே எதுக்கு அந்தச் சத்தம்?"

"அவர் கத்துற வரைக்கும் என்னை யாரும் பார்க்கிறதில்லையே! எங்கம்மா குடைஞ்ச வழி இது. நான் நீட்டுறேன். என் பிள்ளைங்களுக்கு வீடு வேணும்."

"எனக்கும் பிள்ளைங்க இருக்கே!"

 கிளைதான் மறுபடி முனகியது.

கீற்று ஒரு குட்டியைக் கவ்வி, பக்கத்துப் பச்சைக் கிளையின் பொந்தில் போட்டுவிட்டு ஓடி வந்தது. அடுத்ததையும் கொண்டுபோனது. கடைசிக் குட்டியோடு தாவும்போது கிளை முறிந்தது. பின்னங்கால்கள் வெறுங்காற்றை உதைத்தன. முன்னங்கால் நகம் ஒன்று பச்சைப் பட்டையில் மாட்டியது. தொங்கி, ஏறி, பிழைத்தது.

கூடு குளத்தில் விழுந்தது. விரால் அதைக் கவ்வி, வெறும் நார் என்று துப்பியது.

பெண் வண்டு மிதக்கும் கட்டையைச் சுற்றிச் சுற்றிப் பறந்தது. ஆண் வண்டோ பழைய இடத்திலேயே, இல்லாத கிளைக்குக் காவல் நின்று, "இது என் எல்லை!" என்று உறுமிக்கொண்டிருந்தது.

உறுமுகிறவனையே பார்த்து நிற்பவர், ஓசையின்றி உதிரும் தூளைக் கவனிக்காமல் வீட்டை இழப்பார்.