சங்கன் துப்பிய வைக்கோல்

மார்கழி பிறந்தால் குடத்துத் தண்ணீரே உறைந்துபோகும் ஒரு மலைநாட்டை முன்னொரு காலத்தில் குன்றவர்மன் என்ற அரசன் ஆண்டுவந்தான். நல்ல மனிதன்தான், ஆனால் கோபம் மூக்கின் மேல் உட்கார்ந்திருக்கும். அவனிடம் சங்கன் என்ற வெள்ளைக் குதிரை இருந்தது. இளவயதில் ஆற்று வெள்ளம் அவனை அடித்துக்கொண்டு போனபோது கரை சேர்த்த குதிரை அது. இப்போது தொண்டுகிழம். ஆனாலும் அரசன் தினமும் காலையில் முதலில் போவது லாயத்துக்கு, அப்புறம்தான் அரசவைக்கு.

இது மூத்த தளபதி தாண்டவராயருக்குப் பொறுக்கவில்லை. நாற்பது வருடம் உழைத்த தமக்குக் கிடைக்காத முதல் வணக்கம் ஒரு குதிரைக்குக் கிடைக்கிறதே என்று வயிறெரிந்தார். குதிரையோடு போட்டி போட்ட மனிதரை அந்த நாடு அதற்கு முன் பார்த்ததில்லை.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. அரசன் கையால் கொடுத்ததை அவன் கண்முன்னே தின்று முடிக்க வேண்டும். துப்பினால் நாடு கடத்தல். மனிதருக்குக் கொடுப்பது தாம்பூலம், குதிரைக்கு வருடம் ஒருமுறை, மார்கழி முதல் நாளில், ஒரு பிடி வைக்கோல். அந்த வருடமும் சபை முற்றத்தில் சங்கன் ஆசையாகத்தான் வாங்கியது. இந்தக் கன்னத்துக்கும் அந்தக் கன்னத்துக்குமாக உருட்டி உருட்டி, கடைசியில் உருண்டையாக அரசன் காலடியிலேயே துப்பிவிட்டது.

அரசன் முகம் சுண்டிப்போனது. தாண்டவராயர் வழக்கம்போல வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு, "செல்லம் கொடுத்து வளர்த்த திமிர், பிரபு" என்றார். அரசனும் கோபத்தில், மறுநாளே அதை எல்லைக்கு அப்பால் மலைமேட்டில் விட்டுவிடச் சொன்னான். அந்தப் பனியில் கிழட்டுக் குதிரை மூன்று நாள் தாங்காது.

லாயத்தில் கொள்ளு வேகவைக்கும் மாராயிக்குத்தான் உண்மை தெரியும். சங்கனின் கடைவாய்ப் பற்கள் தேய்ந்து விழுந்து ஒரு மாதமாகிறது. கொள்ளைக் கூழாகக் குழைத்து, தவிடு கலந்து, வெதுவெதுப்பாக ஊட்டி அவள்தான் அதை நிற்க வைத்திருந்தாள். திமிர் இல்லை என்று சொல்ல வாயெடுத்தவளைக் காவலர்கள் விரட்டிவிட்டார்கள்.

ஆனால் அவளுக்கு இன்னொரு சங்கதியும் தெரியும். சபை கலைந்ததும் லாயத்துக்குப் பின்னால் டொக் டொக் என்று சத்தம் கேட்கும். தாண்டவராயரின் வேலையாள் குட்டி உரலில் அவருக்குப் பாக்கு இடிக்கும் சத்தம் அது. சபையில் கொடுக்கும் மெல்லிய சீவலை வாயிலேயே ஊறவைத்து விழுங்கி, மீசையாலும் துண்டாலும் ஊரை ஏமாற்றிவந்தார் மனிதர்.

மறுநாள் காலை காவலர்கள் தடுப்பதற்குள் சபையில் மாராயி கும்பிட்டு நின்றாள்.

"மகாராசா, சங்கனை அனுப்புறதுக்கு முன்னாடி, அதோட திமிரக் கண்டுபிடிச்ச தளபதி ஐயாவுக்கு உங்க கையால தாம்பூலம் கொடுங்க. சீவல் வேண்டாம். முழுக் கொட்டைப்பாக்கா இருக்கட்டும், மரியாதையும் முழுசா இருக்கும்."

அரசனுக்கு அது நியாயமாகப் பட்டது. மார்பை நிமிர்த்திக்கொண்டு வந்த தாண்டவராயர் பாக்கைப் பார்த்ததும் துண்டை வாயருகே கொண்டுபோனார். வேறு வழியில்லாமல் வாயில் போட்டார். இந்தக் கன்னம் உப்பியது, அந்தக் கன்னம் உப்பியது. மார்கழிக் குளிரில் நெற்றி வியர்த்தது. கடைசியில் பாக்கு முழுசாக விழுந்து, அரசன் காலடிக்கு உருண்டு வந்தது.

"ஐயாவுக்கும் திமிருங்களா, மகாராசா?" என்று மெல்லக் கேட்டாள் மாராயி.

தாண்டவராயர் துண்டை இறக்கினார். "திமிர் இல்லை, பிரபு. பல் இல்லை."

அரசன் பாக்கையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து நேராக லாயத்துக்கு நடந்தான். சங்கனின் வாய்க்குள் கைவிட்டுத் தடவிப் பார்த்தவனுக்குக் கண் நிறைந்துவிட்டது. "பசியோடா என் கையை நக்கிக்கொண்டிருந்தாய்?" என்று அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டான்.

அன்றே மாராயி லாயத்துக்கே தலைவியானாள். துப்பினால் நாடு கடத்தும் வழக்கம் ஒழிந்தது. தாண்டவராயருக்கும் தண்டனை கிடைத்தது. குளிர் முடியும்வரை சங்கனின் கூழை அவர்தான் முதலில் சுவைக்க வேண்டும். அவர் ஈறில் கரைந்தால்தான் அது சங்கனுக்கு.

முதல் நாள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். பத்தாம் நாள் வரச்சொல்லி யாரும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. பங்குனி வெயில் எட்டிப்பார்த்தபோது சங்கனுக்கு விலா எலும்பு மறைந்திருந்தது, தாண்டவராயருக்கும் கன்னம் தேறியிருந்தது. அரசன் காலையில் முதலில் வருவது லாயத்துக்குத்தானே, முதல் வணக்கம் இருவருக்கும் சேர்ந்தே கிடைத்தது.

குளிர் போன பிறகும் அவர் வருவதை நிறுத்தவில்லை. சங்கனின் தோளில் கைபோட்டபடி ஒரு வாய் கூழைக் குதப்பிப் பார்த்துவிட்டுச் சொல்வார்:

"இன்னும் ஒரு கொதி வரட்டும், மாராயி. எங்களுக்குக் கொள்ளுத் தோல் தட்டுப்படுகிறது."