பெரியவருக்கு வைத்த வாளி

வேதக்கோயில் பண்டிகையின் அசன விருந்தில் பந்திக்கு இலை போடுவது பாக்கியத்தாய் வேலை. கோயிலைக் கூட்டிப் பெருக்கி, கோயில் வளவிலேயே குடியிருப்பவள் அவள். இந்த வருஷம் சபைக் கமிட்டித் தலைவர் தவசிமணி புதுச் சட்டம் போட்டார்.

"ஏ பாக்கியம், அவங்கவங்க தகுதிப்படிதான் பந்தியில உட்காரணும். ஒருத்தருக்கும் மனத்தாங்கல் வரக்கூடாது. வந்துச்சுன்னா நீ வீட்டைக் காலி பண்ணிரு."

எல்லாருக்கும் ஒரே சாம்பார், இதில் தகுதி எங்கிருந்து வந்தது? "கர்த்தாவே, இந்த மனுஷனைச் சகிக்கப் பெலன் தாரும்" என்று முணுமுணுத்தபடி இலைக்கட்டைப் பிரித்தாள். லெந்து தபசு நாள் முழுக்க, ஆதிச் சபையில் தலைவன் எப்படி எல்லாருக்கும் பணிவிடைக்காரனாய் இருந்தான் என்று ஒலிபெருக்கியில் பேசித் தீர்த்தவரும் இதே தவசிமணிதான்.

மணி அடித்ததும் ஜனங்கள் வந்த வரிசையில் உட்கார்ந்தார்கள். தலைவர் தோளில் சரிகை நேரியலோடு பந்தலுக்குள் வந்து அங்குமிங்கும் தேடினார்.

"எனக்கு இலை எங்க பாக்கியம்?"

"இலையெல்லாம் எங்களை மாதிரி சின்னவங்களுக்கு ஐயா. தலைவருக்கு என்ன தகுதின்னு நீங்கதானே லெந்துல சொன்னீங்க. அதுபடியே வச்சிருக்கேன்" என்று சாம்பார் வாளியை அவர் காலடியில் வைத்தாள்.

பந்தல் முழுக்க அவரையே பார்த்தது.

"உங்களுக்கு ஏதும் மனத்தாங்கல் உண்டா ஐயா?"

"இல்ல" என்ற தலைவர் நேரியலை இடுப்பில் கட்டிக்கொண்டு வாளியைத் தூக்கினார்.

பாக்கியத்தாய் முதல் இலையில் போய் உட்கார்ந்தாள். "கத்தரிக்காய் அடியில கிடக்கும், நல்லாக் கலக்கி ஊத்துங்க ஐயா."