குப்பையில் ஆறில் ஒரு பங்கு

முன்னொரு காலத்தில் மாங்கோட்டை என்ற சின்ன நகரத்தை உக்கிரசேனர் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் மூக்குக்கு மேலே கோபம். காலையில் யானைக்குப் பட்டம் கட்டிப் பார்ப்பார், மாலையில் அதே யானையைக் காட்டுக்கு விரட்டுவார்.

ஊர் ஜனங்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. விளைச்சலில் ஆறில் ஒரு பங்கு அரண்மனைக்கு என்பது சட்டம். வரி அதிகாரி தெருமுனையில் தலைகாட்டினால் போதும், நெல் பரணுக்கு ஏறிவிடும், பசு பக்கத்து ஊர் மாமியார் வீட்டுக்குப் போய்விடும். "இந்த வருஷம் ஒண்ணுமே விளையலைங்க" என்று தொப்பையைத் தடவிக்கொண்டே சொல்வார்கள்.

அரண்மனை மேலாளர் ரங்கப்ப ராயர், ராஜாவிடம் நல்ல பேர் வாங்க ஒரு ஏற்பாடு செய்தார். வீட்டில் வேண்டாததையெல்லாம் வாசலில் போடலாம், அரண்மனை வண்டி வந்து அள்ளிக்கொள்ளும். ஜனங்களுக்குக் கொண்டாட்டம் தாங்கவில்லை. மாட்டுக்குப் போட்டுவந்த காய்த்தோல் வண்டிக்குப் போயிற்று. பாத்திரம் தேய்க்க வைத்திருந்த சாம்பலும் போயிற்று. விளிம்பு லேசாக உடைந்த சட்டியைக்கூட யாரும் வைத்துக்கொள்ளவில்லை. எல்லாம் கிழக்கு வாசலுக்கு வெளியே மேடாகக் குவிந்தது. மேட்டின் அடியில் பூக்காரத் தெரு இருந்தது.

மேடு சரிந்து தெருவுக்குள் வந்தபோது ராயர் சபையில் எழுந்தார்.

"மகாராஜா, பூக்காரத் தெருவை இடித்துவிட்டால் குப்பைக்குத் தாராளமாக இடம் கிடைக்கும்."

"இடியுங்கள்!" என்றார் ராஜா, யோசிக்காமல்.

அந்தத் தெருவிலிருந்து வள்ளிமயில் என்ற பூக்காரி சபைக்கு வந்திருந்தாள். அவள் கும்பிட்டுச் சொன்னாள்: "சாமி, நாங்க கட்டுற மாலையில மல்லிப்பூ வாசனை போயி குப்பை நாத்தம் அடிக்குதுன்னு கோயில்ல வாங்க மாட்டேங்கறாங்க. பொழப்புதான் போச்சு. இப்ப வீட்டையும் இடிச்சா பிள்ளை குட்டியோட எங்க போவோம்?"

மந்திரி தேனப்பருக்கு மனசு கேட்கவில்லை. "மகாராஜா, எனக்கு அடுத்த அமாவாசை வரை தவணை கொடுங்கள். மேடு வளராமல் செய்கிறேன்."

ராயர் சிரித்தார். ராஜாவுக்கு அடுத்தபடியான ஆசனத்தில் தேனப்பர் உட்கார்ந்திருப்பது அவருக்கு நெடுநாள் வயிற்றெரிச்சல். "மந்திரியார் வாசலுக்கு வாசல் போய்க் கெஞ்சப்போகிறாரோ?"

"கெஞ்சவில்லை, ராயரே. வரி போடப்போகிறேன்."

"குப்பைக்கா?"

"ஏன், அதுவும் இந்த மண்ணில் விளைவதுதானே? அதில் மட்டும் ராஜாவுக்குப் பங்கு இல்லையா?"

தனக்குப் பங்கு உண்டு என்றதும் ராஜா நிமிர்ந்து உட்கார்ந்தார். "உண்டு! யாராக இருந்தாலும் உண்டு! ஆனால் மேடு ஒரு சாண் உயர்ந்தாலும் தெருவும் போகும், உமது பதவியும் போகும்."

மறுநாள் தண்டோரா போட்டார்கள். எந்த வீட்டு வாசலில் எவ்வளவு குப்பை இருக்கிறதோ, அதன் எடையில் ஆறில் ஒரு பங்கு நெல்லாகக் கட்டவேண்டும்.

அவ்வளவுதான். வரி என்ற சொல் காதில் விழுந்ததும் ஊருக்குப் பழைய புத்தி திரும்பிவிட்டது. காய்த்தோல் மாட்டுத் தொட்டிக்குள் ஒளிந்தது. சாம்பல் மறுபடி பாத்திரம் தேய்க்கும் கல்லடிக்குப் போனது. உடைந்த சட்டியில் கீரை முளைத்தது, கிழிந்த வேட்டி விளக்குத் திரியானது. மிச்சம் மீதியைக் கொல்லையில் குழி தோண்டிப் புதைத்தார்கள். மேலே பூசணிக்கொடி படர்ந்து காட்டிக்கொடுத்தது, ஆனால் பூசணிக்கொடியைக் குப்பை என்று எந்த அதிகாரி சொல்லமுடியும்?

"எங்க வீட்ல ஏதுங்க குப்பை? சாப்பிட்டாத்தானே குப்பை சேரும்!" என்றார்கள், ஏப்பம் விட்டபடி.

அமாவாசையன்று சபை கூடியது. "மேடு வளர்ந்திருக்கிறது மகாராஜா!" என்று ராயர் துள்ளிக்கொண்டு வந்தார். "என் கண்ணாலேயே பார்த்தேன். ஒரு சாணுக்கு மேல்!"

சபை ஓரத்தில் நின்றிருந்த வள்ளிமயிலின் முகம் செத்துப்போயிற்று.

"உண்மைதான்," என்றார் தேனப்பர். "ஊர் வண்டிகள் காலியாகவே திரும்புகின்றன. ஒரே ஒரு வண்டிதான் நிறைந்து வருகிறது. கடித்துப் போட்ட லட்டு, பாதி தின்ற பழம், ஒரு வேளைக்கு ஒன்றென்று உடைத்தெறிந்த சட்டி. அது அரண்மனைச் சமையற்கட்டு வண்டி. பொறுப்பு ராயருடையது."

ராயர் இழுத்தார். "அரண்மனைக்கு... வரி கிடையாதென்று..."

"யாராக இருந்தாலும் என்றேனே!" ராஜா கர்ஜித்தார். "என் வாக்கையே குப்பையில் போட்டீரா? வரி நெல்லை உம்முடைய களஞ்சியத்திலிருந்து பூக்காரத் தெருவுக்கு அளந்து கொடும். மேடு உரமாகி வயலுக்குப் போகும்வரை நீரும் அந்தத் தெருவிலேயே குடியிரும்!"

தெரு பிழைத்தது. தேனப்பரின் தோளில் பட்டுச் சால்வை விழுந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு ராயர் புதுக் குடித்தனம் போனார். வள்ளிமயில் பக்கத்து வீட்டுக்காரி என்ற முறையில் அவருக்கு ஒரு முழம் மல்லி கொடுத்தாள்.

அதோடு விட்டதா? சில நாள் கழித்து, வரி அதிகாரியோடு தேனப்பர் ராஜாவின் அறைக்குள் நுழைந்தார்.

"மகாராஜா, இன்றைய குப்பை ஏதாவது?"

"ஒன்றுமே இல்லையே!" என்றார் ராஜா. அவர் மீசையில் மாம்பழச்சாறு, இடுப்புப் பட்டில் ஒரு புடைப்பு.

தேனப்பர் அதைப் பார்த்தார். அதிகாரியிடம் திரும்பி, "ஒன்றும் இல்லையாம், வாரும்" என்று அழைத்துக்கொண்டு போனார். அன்று மாலை நந்தவனத்து மூலையில் மகாராஜா தாமே குந்தி உட்கார்ந்து குழி தோண்டியதைத் தோட்டக்காரன் பார்த்தான். பிற்பாடு அந்தக் குழியில் முளைத்த மாமரம் நன்றாகவே காய்த்தது.